மலை ஏறப் பயிற்சி, இறங்க மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் மலைப்பாதை ஓட்டத்தைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை, அந்த ஓட்டத்தில் ஒன்பது ஆண்டுகளாக விழுந்தும் எழுந்தும் வருபவள் என்ற முறையில் ஆவலோடு படித்தேன். கோத்தகிரி, குன்னூர், ஏற்காடு, கொல்லிமலை என்று நம் மலைகளின் பெயர்களை அச்சில் பார்த்தபோது மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் கட்டுரையின் முடிவில் கட்டம் கட்டிப் போட்டிருந்த குறிப்புகளில் இரண்டை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. மலையில் ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும், நாற்பதைக் கடந்தவர்கள் தவிர்ப்பது நல்லது என்பது ஒன்று. வலி வந்தால் அது முற்றிலும் நீங்கும்வரை முழு ஓய்வு எடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. எனக்கு வயது 48. மேட்டுப்பாளையத்தில் குடியிருக்கிறேன், வங்கியில் வேலை. நான் மருத்துவர் அல்ல. பட்ட பாட்டினாலும், பிறகு அதைப் பற்றித் தேடிப் படித்ததாலும், பொறுமையான ஓர் இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக் கற்றதாலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் முழங்கால். ஓடுபவர்களின் இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2017-ல் வெளியானது. உடற்பயிற்சியே இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகவே கடுமையாக ஓடும் வீரர்களில் 13 சதவீதத்தினருக்கு. நம்மைப் போல் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு மட்டுமே. மூட்டு நன்றாக இருப்பவர்தானே ஓடவே வருகிறார் என்று இதற்கு மறுப்பு சொல்லலாம், அந்த மறுப்பில் நியாயமும் உண்டு. ஆனாலும், ஓடினால் தேயும் என்று அச்சுறுத்துவதற்கு இந்த எண்களில் இடமில்லை. மலைப்பாதையில் ஓடுபவர்களுக்கு முழங்கால் வலி வருவதில்லையா என்றால், நிறையவே வருகிறது. ஆனால் பெரும்பாலும் அது தேய்மானத்தின் வலி அன்று. பழக்காத கால்மேல் ஒரே நாளில் ஏற்றிய சுமையின் வலி.

அந்தச் சுமை எங்கே ஏறுகிறது என்று கேட்டால் பலரும் ஏற்றத்தைக் காட்டுவார்கள். வெள்ளியங்கிரி ஏழாம் மலை போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்குகிறது. மறுநாள் காலையில் ஒருவாறு எழுந்துவிடலாம், அதற்கடுத்த நாள்தான் பேருந்துப் படியிலிருந்து இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குவோம். அந்த வலி முழுவதும் இறங்கியதற்கானது. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே உழைக்கிறது. இறங்கும்போதோ உடம்பின் பாரம் அதை நீட்ட, அது நீண்டுகொண்டே தடை போட வேண்டியிருக்கிறது. இப்படி நீளும் நிலையில் பாரம் தாங்கும் வேலைதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்குகிறது. வலியும் உடனே தெரியாமல், ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சம் தொட்டுவிட்டு அடங்குகிறது. களைத்துப்போன தொடை தடை போட மறுக்கும் நேரத்தில், அந்தப் பாரம் முழங்கால் சில்லின் மேலும் கணுக்காலின் மேலும் போய் விழுகிறது. ஓட்டத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் கால் இடறுவதை ஏன் அடிக்கடி பார்க்கிறோம் என்பதற்கும் இதுவே விடை.

இதில் ஒரு நற்செய்தி உண்டு. இப்படி ஒரு முறை வலித்துத் தேறிய தசை, சில வாரங்களுக்குள் அதே வேலையை மறுபடி செய்தால் முன்போல் வலிப்பதில்லை. அதாவது, இறக்கத்துக்கும் பயிற்சி எடுக்கலாம். எடுப்பவர்தாம் இல்லை. எங்கள் குழுவில் யாரைக் கேட்டாலும் இந்த வாரம் எத்தனை கிலோமீட்டர் ஓடினார், எத்தனை மீட்டர் ஏறினார் என்பது விரல்நுனியில் இருக்கும். எத்தனை மீட்டர் இறங்கினார் என்று கேட்டால் கைக்கடிகாரத்தைத் தடவுவார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சாலைவழி சுமார் 33 கிலோமீட்டர், இறக்கம் ஏறக்குறைய 1,400 மீட்டர். கோவையின் சமவெளிச் சாலைகளில் 33 கிலோமீட்டரை அலுங்காமல் ஓடுகிற ஒருவர், அந்த நம்பிக்கையில் ஒரு நாள் இந்த இறக்கத்தில் ஓடிப் பார்த்தாரானால், மறுவாரம் முழுவதும் அலுவலகத்தில் மின்தூக்கிக்குக் காத்திருப்பார்.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்றொரு விதி ஓட்டக்காரர்களிடையே வேதவாக்காக உலவுகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வந்தவர்களை வைத்து 2008-ல் சோதித்துப் பார்த்தார்கள். அந்த விதிப்படி மெல்லக் கூட்டியவர்கள், வழக்கமான வேகத்தில் கூட்டியவர்கள் என இரு குழுவிலும் ஐந்தில் ஒருவர் காயப்பட்டார், வேறுபாடே இல்லை. 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025-ல் வெளியான ஆய்வு வேறொன்றைச் சுட்டியது: வாரக் கணக்கைவிட, கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைக் காட்டிலும் ஒரே நாளில் எவ்வளவு கூடுதலாக ஓடுகிறோம் என்பதே காயத்தோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. அந்த ஆய்வு தூரத்தைத்தான் அளந்தது. மலையில் ஓடும் நான் இதையே இறக்க மீட்டருக்கும் பொருத்திக்கொள்கிறேன். கடந்த மாதத்தில் ஒரே மூச்சில் இறங்கியது 300 மீட்டர் என்றால், இந்த ஞாயிறு 1,000 மீட்டர் இறக்கமுள்ள போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டேன். இது என் கணக்கு, ஆய்வின் கணக்கன்று.

எப்படி இறங்குவது என்பதை நான் எந்தக் காணொளியிலும் கற்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பச்சை இலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடைபோடும் இடத்துக்கு இறங்கும் பெண்களைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். அடி சிறிது, எண்ணிக்கை அதிகம்; முழங்கால் எப்போதும் சற்றே மடங்கியிருக்கும்; பாதம் உடம்புக்கு நேர்கீழே விழும், முன்னால் நீண்டு குதிகாலால் குத்தாது. நாமோ சரிவைக் கண்டு பயந்து உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, காலை நீட்டி, குதிகாலால் பிரேக் போடுகிறோம்; அந்தப் பிரேக் ஒவ்வொன்றும் முழங்காலில் போய் இடிக்கிறது. பார்வையைக் காலடியில் வைக்காமல் மூன்று நான்கு மீட்டர் முன்னால் வைப்பதும் பழகினால் வரும். வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது: மாடிப்படியின் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று நான்கு நொடி எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கி, மீண்டும் ஏறுவது. பத்துப் பத்தாக மூன்று முறை, வாரம் மூன்று நாள். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் ஏறுகிறவரைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஓட்டக்காரர்களில் சிலர் மட்டும் கைத்தடியை வயதானவர் பொருளாக நினைக்கிறார்கள். செங்குத்தான இறக்கத்தில் முழங்காலின் பாரத்தில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்வதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

இனி என் கதை. ஐந்தாண்டுகளுக்கு முன், ஒரு மார்கழிக் காலை, கோத்தகிரிப் பக்கம் உரிமையாளரிடம் அனுமதி பெற்று ஒரு தோட்டப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். பனி இன்னும் காயவில்லை. சவுக்கு மரத்தின் சருகைவிடச் சில்வர் ஓக் மரத்தின் சருகு வழுக்கும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சருகுக்கு அடியில், மழைநீர் வடிவதற்காகப் பாதையின் குறுக்கே வெட்டிய ஒரு சாண் அகலக் கால்வாய் மூடிக் கிடந்தது. வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. ஈரத் துணியைக் கிழித்தாற்போல ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. இரண்டு நிமிடத்தில் கணுக்காலின் வெளிப்புறத்தில் கோழிமுட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. உடன் வந்த இளைஞர், "அக்கா, எழுந்து நாலு அடி வெச்சுப் பாருங்க" என்றார். அவரை அப்போது மனத்துக்குள் திட்டினேன். நொண்டிக்கொண்டுதான் என்றாலும் நான்கு அடி வைத்தேன்.

அவர் கேட்டது சரியான கேள்வி என்பது பிறகுதான் தெரிந்தது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்த ஒரு எளிய சோதனை இன்று உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பயன்படுகிறது. அடிபட்ட உடனும், மருத்துவமனை சேர்ந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? கணுக்காலின் இருபுறமும் துருத்தியிருக்கும் எலும்பின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்தினால், அதாவது தசையை அல்லாமல் எலும்பையே அழுத்தினால், வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் பாதி தூரத்தில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலோ, உள்புறத்தில் பாத வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பிலோ அதே வலி உண்டா? நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ, இவற்றுள் ஓரிடத்தில் எலும்பு வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எதுவுமே இல்லையென்றால் முறிவு இருப்பது மிக அரிது. மலையில் ஓடுகிற ஒவ்வொருவரும் இதை மனப்பாடமாக வைத்திருக்கலாம்; கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் 108-ஐ அழைக்க ஆளை ஓடவிடுவதா, தோள் கொடுத்து நடத்திக் கூட்டிவருவதா என்று முடிவெடுக்க அதுவே உதவும்.

முறிவு இல்லை. வெளிப்புறத் தசைநார், பேச்சுவழக்கில் ஜவ்வு, பாதி கிழிந்திருந்தது. வீட்டார் சொன்னதைத் தட்ட முடியாமல் சுளுக்கு எடுக்கும் ஒருவரிடம் போனேன். வீங்கிய இடத்தைச் சூடான எண்ணெய் விட்டு அவர் கட்டைவிரலால் நீவிய நீவலில் எனக்குக் கண் இருட்டியது. இரவுக்குள் வீக்கம் இரட்டிப்பாகி, பாதம் நீலம் பாரித்தது. பிறகு மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டி, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார். ஊன்றவில்லை. ஆறு வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது வலது கெண்டைக்கால் இடதைவிட இரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. தையல் நாடாவால் நானே அளந்தேன். வலி இல்லை, ஆகவே குணமாகிவிட்டது என்று எண்ணி ஓடத் தொடங்கினேன். நான்கு மாதத்தில், தெருமுனை வேகத்தடையில், அதே கால் அதே பக்கம் மடங்கியது. இந்த முறை மலையுமில்லை, சருகுமில்லை.

நாட்டு வைத்தியத்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. என் பாட்டி போடும் புளி உப்புப் பற்று எந்தத் தீங்கும் செய்ததில்லை, கூடவே அவர் சொல்லும் ஆறுதலும் மருந்துதான். ஆனால் புதிதாகக் கிழிந்த தசைநாரை முதல் இரண்டு மூன்று நாட்களில் அழுத்தி நீவுவதும் சூடு வைப்பதும் உள்ளே கசியும் இரத்தத்தை அதிகமாக்கும். மறுபக்கம், ஆங்கில மருத்துவத்திலும் மாறாதது என்று எதுவும் இல்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-ல் ஒரே சூத்திரமாக்கிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் தாமே எழுதினார். வீக்கம் என்பது உடம்பு அனுப்பும் கொத்தனார் கூட்டம். அதை அடியோடு விரட்டிவிட்டு வீடு கட்ட முடியாது. வலி தாங்காதபோது, துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வைப்பதில் தவறில்லை, அது வலியைக் குறைக்கும். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கிரீப் பேண்டேஜ் சுற்றுவது, காலை உயரத் தூக்கி வைப்பது, இரண்டு மூன்று நாட்களில் வலி பொறுக்கும் அளவுக்குக் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கத் தொடங்குவது, பிறகு மெல்ல ஊன்றி நடப்பது, இவ்வளவுதான் தொடக்கம். என் ஆறு வாரக் கட்டு கெடுத்தது இந்தத் தொடக்கத்தைத்தான்.

இரண்டாம் முறை அடிபட்ட பிறகே இயன்முறை மருத்துவரிடம் சென்றேன். அவர் முதலில் கேட்டது, "ஒற்றைக் காலில் கண்ணை மூடி எத்தனை நொடி நிற்பீர்கள்?" என்பது. இடது காலில் 20 நொடிக்கு மேல் நின்றேன். வலது காலில் நான்கு நொடியில் சுவரைப் பிடித்தேன். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் நரம்பு முனைகள் தசைநாரில்தான் இருக்கின்றன, தசைநார் கிழியும்போது அந்தச் சேதியும் அறுபடுகிறது என்று விளக்கினார். வலி போன பிறகும் சேதி தானாகத் திரும்புவதில்லை, பழக்கித்தான் வரவழைக்க வேண்டும். ஒருமுறை மடங்கிய கணுக்கால் மறுபடி மடங்குவதற்கு இதுவே பெருங்காரணம். அவர் கொடுத்த பயிற்சிக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. காலையில் அடுப்பில் பால் பொங்கும்வரை வலது காலில் நிற்பேன். முதலில் கண் திறந்து, பிறகு மூடி, பிறகு மடித்த தலையணைமேல். மூன்று வாரத்தில் பாலைப் பொங்கவிடாமல் அணைக்கும் அளவுக்குத் தெளிவு வந்தது. முதல் வாரத்தில் இரண்டு முறை அடுப்பைத் துடைத்தேன். அதன்பின் இன்றுவரை அந்தக் கால் மடங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஒருமுறை மடங்கியது, ஆனால் கிழியாமல் தானே நிமிர்ந்துகொண்டது.

கணுக்கால் ஒரு நொடியில் வருவது. ஓட்டக்காரர்களை அதிகம் படுத்துபவை மாதக் கணக்கில் மெல்ல ஏறும் வலிகள்: முழங்கால் சில்லைச் சுற்றி வரும் வலி, முழங்காலின் வெளிப்புறத்தில் இறக்கத்தில் மட்டும் கத்தியால் குத்துவது போல் வரும் பட்டை வலி, காலையில் படுக்கையை விட்டு வைக்கும் முதல் அடியில் உயிர் போகும் குதிகால் வலி, அதற்கு மேலே, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணில் வரும் விறைப்பும் வலியும். தாங்கள் வெளியிட்ட குறிப்பு சொல்லும் முழு ஓய்வு இந்த இடத்தில்தான் தவறாகிறது. ஓய்வெடுத்தால் வலி போகும், உண்மை. ஆனால் ஓய்வில் நாணும் தசையும் முன்னைவிட வலுவிழக்கின்றன; திரும்பி ஓடும்போது பழைய சுமையே புதிய சுமையாகிவிடுகிறது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், நாணும் எலும்பும் பழகப் பல மாதங்கள் ஆகும் என்பதை மறந்து, மூச்சு இடங்கொடுக்கிறதே என்று ஓடுவதால்தான் வலி வருகிறது. மூன்று மாதம் படுத்திருந்துவிட்டு அதே தவற்றைத் திரும்பச் செய்வதில் என்ன மருத்துவம் இருக்கிறது?

குதிநாண் வலிக்கு இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் பயிற்சி ஒன்றின் பிறப்பு சுவையானது. சுவீடனின் எலும்பு அறுவை மருத்துவர் ஹோகன் ஆல்பிரெட்சனுக்குத் தம் குதிநாணிலேயே தீராத வலி. அறுவை செய்யச் சொல்லிக் கேட்டும் மேலதிகாரி மறுத்ததால், நாண் அறுந்தே போகட்டும், அப்போதாவது அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று வலிக்க வலிக்கக் குதிகாலைப் படியிலிருந்து கீழிறக்கிப் பயிற்சி செய்தாராம். நாண் அறுவதற்குப் பதில் வலி அறுந்தது. அவர் குழு 1998-ல் வெளியிட்ட முறைப்படி, படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை. எல்லோருக்கும் இவ்வளவு தேவையில்லை என்றும், கூடுதல் எடையோடு மெல்லச் செய்தால் குறைந்த எண்ணிக்கையே போதும் என்றும் பிந்தைய ஆய்வுகள் காட்டின. எண்ணிக்கை மாறினாலும் அடிப்படை மாறவில்லை. நோகும் நாணுக்குச் சுமைதான் மருந்து, அதை அளந்து கொடுக்க வேண்டும்.

அளப்பது எப்படி? வலிக்குப் பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். ஓடும்போது மூன்றுக்குள் இருந்து, ஓடி முடித்து 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கி, மறுநாள் காலை முதல் அடியில் கூடாமல் இருந்தால் அந்த அளவு ஓடலாம். ஐந்தைத் தாண்டினாலோ, வலியைத் தவிர்க்க நடை கோணினாலோ நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். வாரத்தில் நான்கு நாள் ஓடியவர் இரண்டு நாளாக்கலாம், இறக்கத்தை விட்டுவிட்டு ஏற்றத்தில் மட்டும் வேகநடை போடலாம், சைக்கிள் மிதிக்கலாம். சுமையைக் குறைப்பது வேறு, கட்டிலில் சாய்வது வேறு.

முழு ஓய்வே மருந்தாகும் இடமும் ஒன்று உண்டு, அதைத் தனியாகச் சொல்லாமல் விட்டால் நானும் தவறு செய்தவளாவேன். முன்னங்கால் எலும்பிலோ பாதத்தின் நீள எலும்புகளிலோ, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி இருந்து, ஓட ஓட அது கூடி, பிறகு நடக்கும்போதும் வந்து, கடைசியில் இரவுத் தூக்கத்திலும் எழுப்பினால், அது எலும்பில் விழத் தொடங்கிய கீறலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். 'எக்ஸ்ரே நார்மல்' என்ற சொல்லை நம்பி ஓடி, கீறலை முறிவாக்கிக்கொண்ட ஒருவரை அறிவேன். பெண்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். எடை குறைவதற்காக ஓட வருகிறோம். சனிக்கிழமை விரதம், ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் 20 கிலோமீட்டர். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ப உண்ணாத உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்துகிறது, அடுத்து எலும்பைக் கரைக்கிறது. மூன்று மாதம் தொடர்ந்து விலக்கு வராவிட்டால், 'தொந்தரவு விட்டது' என்று மகிழாமல் மருத்துவரிடம் போக வேண்டும். இதை ஆண்கள் நடத்தும் ஓட்டக் குழுக்களில் யாரும் பேசுவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இப்போது தலைப்பில் கேட்ட மாத்திரைக்கு வருகிறேன். போட்டி நாள் அதிகாலையில், தொடக்கக் கோட்டருகே இட்லிப் பொட்டலத்தோடு வலி மாத்திரை அட்டையும் கைமாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வலித்ததற்கு அல்ல, வலிக்கப் போவதற்கு. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. சாதாரண நாளில் நலமான உடம்பு அதைச் சமாளித்துவிடும். ஐந்து மணி நேரம் வியர்த்து நீர் வற்றிய உடம்பில், சிதைந்த தசையின் கழிவும் சேர்ந்து சிறுநீரகத்தை அடைக்கும் நேரத்தில், அதே மாத்திரை ஆபத்தாகிறது. போதாததற்கு, வலி என்ற காவல்காரனையும் தூங்க வைத்துவிடுகிறது. நீலகிரியின் வடக்குச் சரிவில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில், தமிழ்நாட்டின் பாறு கழுகுகள் எஞ்சியிருக்கின்றன. இந்தியா முழுவதும் அந்த இனத்தை ஏறக்குறைய அழித்தது, மாடுகளுக்குப் போட்ட இதே டைக்ளோபினாக்தான். மருந்தேறிய மாட்டின் இறைச்சியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. கால்நடை மருத்துவத்தில் அதை 2006-ல் தடை செய்தார்கள். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை என்பது உண்மையே; இருந்தாலும் அந்த மலையிலேயே ஓடிக்கொண்டு அந்த மாத்திரையை மிட்டாயாக விழுங்குவது எனக்கு விந்தையாகப் படுகிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், வீட்டில் இளநீர் குடித்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறு துன்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால் பெருவிரல் நகம் கருத்து உதிர்வது இறக்கத்தில் விரல் ஷூவின் முனையில் மோதுவதால். நின்றபடி பார்க்கையில் முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும், ஷூ வாங்க மாலையில் போக வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் பாதம் சற்று உப்பியிருக்கும். கொப்புளத்துக்குக் காரணம் ஈரமும் உராய்வும். பருத்திக் காலுறையை விட்டொழிக்கலாம். பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூ கணுக்காலைக் காப்பாற்றும் என்று கடைக்காரர் சொன்னால், அடிப்பாகத்தின் பிடிமானத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியைச் சிரித்துவிட்டு வரலாம்.

போட்டி நடத்துபவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் 'கிலோமீட்டர்' என்று போடும் அதே அளவு எழுத்தில் 'இறக்கம் இத்தனை மீட்டர்' என்றும் போடுங்கள். முதல் முறை வருபவர் எதற்குப் பணம் கட்டுகிறார் என்று தெரிந்து கட்டட்டும். வலி வந்தவர்களுக்கும் ஒரு தகவல்: மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இயன்முறை சிகிச்சை ஓர் அங்கம். பக்கவாதம் வந்தவர்களுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் மட்டுமே உரியவர் இயன்முறை மருத்துவர் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பதால், சுளுக்கு எடுப்பவரிடமும் மருந்துக்கடையிலும் போய் நிற்கிறோம்.

தங்கள் கட்டுரையின் கட்டத்துக்குள் இருந்த அந்த இரண்டு வரிகளையும் வரும் ஞாயிறு இணைப்பிலேயே திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்தத்தை என் பெயரில் போட வேண்டாம். இயன்முறை மருத்துவர் ஒருவரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கட்டத்தில் இடம் குறைவாக இருந்தால், நான்கு அடி வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையை மட்டுமாவது போடுங்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
மேட்டுப்பாளையம்.